பிடுங்கிய பல் முளைப்பதில்லை

இறந்தவரின் வாயைத் திறந்து பார்ப்பது என் வேலையில் பாதி. அதுவே சுலபமான பாதி. மறுபாதி உயிரோடு இருப்பவர்களிடம் நடக்கிறது. பல் கிளினிக்கின் அடி டிராயர், ஸ்கேன் சென்டரின் பழைய கம்ப்யூட்டர், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் செருகி வைத்த பழுப்பு உறை என்று தேடிக்கொண்டே போகவேண்டும். ஒரு வாயை முழுதாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். அந்த வாய் இன்னாருடையது என்று சொல்லக்கூடிய ஒரு துண்டுக் காகிதம் கிடைக்க மாதங்கள் ஆனதுண்டு. கிடைக்காமலே போனதும் உண்டு.

நான் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாய் நோயியல் துறையில் இருக்கிறேன். தடயப் பல் மருத்துவத்தையே தனியாகப் படித்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலர். பாடத்திட்டத்தில் அது எங்கள் துறையின் பங்காக வருகிறது. அதனால், வழக்கமான நாட்களில் நுண்ணோக்கியில் புற்றுநோய்த் திசு பார்ப்பவர்களே, காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் பிணவறைக்கும் போகிறோம். கடிதங்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும்: கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின்பேரில், அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 35 முதல் 45. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குற்ற எண் இருக்கும்.

“ஆதார்தான் எல்லோருக்கும் இருக்கிறதே, விரலை வைத்துப் பார்த்தால் போதாதா?” என்று என் மாணவர்களே கேட்கிறார்கள். ஆதாருக்காகக் கொடுத்த கைரேகையை எவருக்கும் பகிரக் கூடாது என்பது அதற்கான சட்டத்திலேயே இருக்கிறது. அது ஒருபுறம். நம் வெயிலில் சில நாட்கள் தண்ணீரில் கிடந்த உடலில் விரல் தோல் கையுறைபோலக் கழன்று வந்துவிடும். எரிந்த உடலில் விரலே இருக்காது. முகம் எல்லாவற்றுக்கும் முன்பே போய்விடுகிறது. பேரிடர்களில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வகுத்திருக்கும் நெறிமுறையில் முதல்நிலைச் சான்று மூன்றுதான்: கைரேகை, பல், டிஎன்ஏ. உடை, நகை, மச்சம், பச்சை குத்தியது எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. சட்டையையும் கொலுசையும் காட்டித்தான் முதலில் கேட்கிறார்கள்.

வாய்க்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு 32 பல். ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து பக்கம் வைத்துக் கணக்குப் போடுவோம். எந்தப் பக்கத்தில் சொத்தை, எதில் அடைப்பு, எது உடைந்தது, எது திரும்பி முளைத்தது, எது பிடுங்கப்பட்டது என்று எழுதிக்கொண்டே போனால் அந்தச் சேர்க்கை இன்னொருவரிடம் அப்படியே இருப்பது மிக அரிது. அதற்கு மேல் எக்ஸ்ரேயில் தெரிபவை இருக்கின்றன: வேர் வளைந்திருக்கும் விதம், வேர் சிகிச்சை செய்து நிரப்பிய கோடு எங்கே நிற்கிறது, அடைப்பின் ஓரம் எப்படி இருக்கிறது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. மண்ணிலும் நீரிலும் மற்றதெல்லாம் கரைந்த பிறகும் அது நிற்கும்.

தீ வேறு மாதிரி. முன்பற்கள் முதலில் வெடிக்கும். கடைவாய்ப் பற்களைக் கன்னத் தசையும் நாக்கும் நெடுநேரம் காக்கும். சூடு ஏற ஏறப் பல் பழுப்பாகி, கறுத்து, பிறகு சாம்பல் பூத்த வெள்ளையாகும். அந்த வெள்ளைக்கு வந்துவிட்டால் விரல் பட்டாலே உதிரும். இந்த ஒரு விஷயத்தில் நான் காவலர்களிடம் மன்றாடியே கேட்கிறேன்: எரிந்த உடலைப் பாயில் சுருட்டித் தூக்குவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். பற்கள் மேல் நிறமில்லாத நகப்பூச்சையோ ஃபெவிக்விக் போன்ற பசையையோ மெல்லப் பூசி, கெட்டியானதும் தூக்கலாம். அப்படிச் செய்யாமல் வண்டியில் ஏற்றிக் குலுக்கிக் கொண்டுவந்தால், பிணவறைக்கு வருவது பற்பொடி.

பல் இல்லாத இடமும் பேசும். உயிரோடு இருக்கையில் பிடுங்கிய பல்லின் குழி நாளடைவில் மூடிக்கொள்ளும், எலும்பு வழவழப்பாகிவிடும். இறந்தபின் உதிர்ந்த பல்லின் குழி திறந்தபடியே இருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒற்றை வேருள்ள முன்பற்கள் ஈறு அழுகியதும் தாமாக நழுவிவிடும். அப்படிப்பட்ட குழியைப் பார்த்தால், உடல் கிடந்த இடத்து மண்ணைச் சல்லடையில் அலசச் சொல்வேன். பெரும்பாலும் கிடைக்கும்.

ஊரையும் ஓரளவு சொல்லும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகும் சிறுவயதில் அதைக் குடித்து வளர்ந்தவரின் எனாமலில் பழுப்பு வரிகள் இருக்கும். பிறகு எந்த ஊரில் பிழைத்தாலும் அவை போகா. வெற்றிலை, புகையிலைக் கறையையும் தேய்மானத்தையும் பார்த்துப் பழக்கத்தைச் சொல்லலாம். ஆனால் இவையெல்லாம் தேடும் வட்டத்தைச் சுருக்கத்தான் உதவும். பெயர் சொல்லாது.

பெயர் சொல்ல ஒப்பீடு வேண்டும். பல்லைச் செய்து கொடுத்தவரே வந்து பெயர் சொன்னது பழைய கதை. 1775 ஜூனில் அமெரிக்காவின் பங்கர் ஹில் போரில் இறந்த மருத்துவர் ஜோசப் வாரனைப் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள். பல மாதங்கள் கழித்து, 1776-இல் தோண்டியபோது, வெள்ளி வேலைக்காரரான பால் ரிவியர் வந்து, தான் கம்பியால் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லைப் பார்த்து இது அவர்தான் என்றார். 1897 மே 4 அன்று பாரிஸில் ஓர் அறக்கட்டளைச் சந்தை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். உடையையும் நகையையும் வைத்து அடையாளம் காண முடியாதவர்களுக்காக அவர்களுடைய பல் மருத்துவர்களைக் கூப்பிடலாம் என்று பராகுவே நாட்டுக் கான்சல் யோசனை சொன்னார். ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையான அலென்சோன் சீமாட்டி அப்படித்தான் அடையாளம் காணப்பட்டார். அடுத்த ஆண்டே ஆஸ்கர் அமோயேதோ என்ற கியூபப் பல் மருத்துவர் இந்தத் துறையைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அந்தப் பாரிஸ் பல் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் வாயைப் பற்றிக் குறிப்பு வைத்திருந்தார்கள் என்பதைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது. செல்வந்தர்களுக்குத்தான் அன்று அந்த வசதி இருந்தது. நம் ஊரில் இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

எங்கள் வேலை முறை இது. ஒருவர் வாயைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத, பிறகு இடம் மாறிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. மேல் வலது முதல் கடைவாய்ப்பல் என்று நீட்டிச் சொல்லமாட்டோம். ஒன் சிக்ஸ் என்போம். வாயை நான்கு காலாகப் பிரித்து, முதல் இலக்கம் எந்தக் கால், இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று உலகின் பெரும்பாலான நாடுகளில் வழங்கும் எண் அது. இறந்தவரின் குறிப்பை இளஞ்சிவப்புப் படிவத்திலும், காணாமல் போனவரின் குறிப்பை மஞ்சள் படிவத்திலும் எழுதுவது இன்டர்போல் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒத்துப்போவது எத்தனை என்று முதலில் எண்ணக் கூடாது. ஒத்துப்போகாதது எது, அதற்கு விளக்கம் உண்டா என்றுதான் பார்க்கவேண்டும். பழைய குறிப்பில் நல்ல பல், உடலில் அடைத்த பல் என்றால் இடையில் போய் அடைத்திருக்கலாம்; விளக்கம் இருக்கிறது. பழைய குறிப்பில் பிடுங்கிய பல், உடலில் முழுதாக நிற்கிறது என்றால் விளக்கம் கிடையாது. அந்த ஒன்று போதும், மற்ற எல்லாம் பொருந்தினாலும் அது அவரில்லை.

கரும்புத் தோட்டத்தில் எரிந்து கிடந்த ஒரு பெண்ணை அப்படித்தான் பார்க்க நேர்ந்தது. மகளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கொலுசைப் பார்த்து இது எங்கள் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டது. காரியத்துக்கு நாள் குறிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். வழக்கைப் பார்த்த ஆய்வாளர் நிதானமானவர். “கொலுசு கடையில ஆயிரம் ஜோடி விக்குது மேடம், ஒருதரம் பாத்துடுங்க” என்றார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் மகளுக்குக் கடைவாய்ப்பல் வலி வந்து பிடுங்கியதாக அப்பா சொன்னார். அவர்கள் ஊர்ப் பல் மருத்துவர் அட்டைகளை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அட்டையில் 36 பிடுங்கியது என்று இருந்தது. அதாவது கீழே இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். கூடவே தபால்தலை அளவு எக்ஸ்ரே ஒன்று.

உடலில் அந்தப் பல் இருந்தது, சொத்தைகூட இல்லாமல்.

உடனே முடிவு சொல்லிவிட முடியாது. சிறுவயதில் முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் இரண்டாவது முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் போனதாகவே தெரியாது. அதனால் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்களை எண்ணினேன். மூன்றும் இருந்தன, மூன்றாவது எலும்புக்குள் பாதி புதைந்தபடி. மருத்துவர் பக்கத்தை மாற்றி எழுதியிருப்பாரோ என்றால், வலப்பக்கத்திலும் மூன்றும் இருந்தன. எக்ஸ்ரேயில் இருந்த பல்லின் வேர்கள் விரிந்தவை. உடலில் இருந்தவை ஒடுங்கியவை. இனி ஐயத்துக்கு இடமில்லை.

அந்த அப்பாவிடம் நானே சொன்னேன். பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது, இந்தப் பிள்ளைக்கு அது இருக்கிறது, ஆகையால் இது உங்கள் மகள் இல்லை என்று. வெகுநேரம் என் கையிலிருந்த அட்டையையே பார்த்தார். பிறகு, “அப்ப எம்பொண்ணு எங்கம்மா?” என்றார். என் படிப்பில் அதற்குப் பதில் கிடையாது. ஆனால் வேறு ஒருத்தியை மகள் என்று எரித்துவிட்டுத் தேடுவதை நிறுத்திக்கொள்வதைவிட, அந்தக் கேள்வியோடு அவர் காவல் நிலையத்துக்குத் திரும்பிப் போனது நல்லது என்று நினைக்கிறேன். அந்த உடலுக்கும் எங்கோ ஓர் அப்பா இருப்பார் அல்லவா?

அட்டை கிடைப்பது அபூர்வம் என்றேன். பெரும்பாலான கிளினிக்குகளில் எனக்குக் கிடைப்பது வரவு நோட்டு. ‘ஆர்.சி.டி. 3500, பாக்கி 500’ என்று இருக்கும். எந்தப் பல் என்று இருக்காது. ஆனாலும் அதை நான் அலட்சியம் செய்வதில்லை. வேர் சிகிச்சை நடந்த தேதி தெரிந்தால், அந்தத் தேதியில் ஊரிலுள்ள எக்ஸ்ரே மையத்தில் அந்தப் பெயரில் படம் எடுத்தார்களா என்று தேடலாம். நம் ஊரில் படத்தை மருத்துவர் வைத்துக்கொள்வதில்லை, நோயாளியிடமே கொடுத்துவிடுவார். அது வீட்டில் ரேஷன் கார்டு, பத்திரங்களோடு பத்திரமாக இருக்கும். வீட்டில் பழைய எக்ஸ்ரே கவர் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கும்போதெல்லாம் முதலில் இல்லை என்பார்கள். பல் எக்ஸ்ரேதான் வேண்டும் என்பதில்லை; தலைக்கு எடுத்த ஸ்கேன், சைனஸுக்கு எடுத்த படம் எதுவானாலும் பல் விழுந்திருக்கும் என்று விளக்கினால் பாட்டி எழுந்து உள்ளே போய் எடுத்து வருவார்.

பல் மருத்துவரிடமே போகாதவருக்கு என்ன செய்வது? பாழுங்கிணற்றில் கிடைத்த ஓர் ஆணின் உடல் எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது. மேல் முன்பல் ஒன்று பொய்ப்பல். பக்கத்துப் பற்களோடு இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைக் குழைத்து ஒட்டி, உள்பக்கம் ஒரு கம்பியை எட்டுப் போட்டுச் சுற்றியிருந்தது. பட்டம் பெற்ற எந்த மருத்துவரும் அப்படிச் செய்யமாட்டார். பேருந்து நிலையத்துப் பக்கம் பல் கட்டுகிறவர்களின் வேலை அது. ஈறைக் கெடுக்கும் வேலை, அதை நான் ஆதரிக்கவில்லை. என்றாலும் பணமில்லாதவருக்கு அன்றைக்கே சிரிக்க ஒரு பல் கிடைத்துவிடுகிறது. காவலர்கள் படத்தைக் காட்டி அலைந்ததில் வயதான ஒருவர், “கம்பி சுத்து என் கைதான் சார்” என்று ஒப்புக்கொண்டார். பால் ரிவியர் காலத்தில் அதுவே முடிவாகியிருக்கும். இன்று போதாது. அவர் அதே சுற்றை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார்.

இதற்குள் ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த மனைவியிடம் கல்யாண ஆல்பம் கேட்டேன். மணமேடைப் படங்களில் மாப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பார், அவை உதவாது. பந்தியில் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டச் சொல்லிப் போட்டோகிராபர் எடுத்த படங்கள்தாம் எனக்கு வேண்டும். வாய் நன்றாகத் திறந்திருக்கும், விளக்கொளி முகத்தில் நேராக விழும். அந்தப் படத்தில் பொய்ப்பல் கட்டும் முன்னால் இருந்த இடைவெளி தெரிந்தது. அதைவிட முக்கியம், வலப்பக்கத்துக் கோரைப்பல் சற்றுத் திரும்பி வெளியே தள்ளியிருந்தது. கிணற்று உடலிலும் அதே பல், அதே கோணம். மண்டையோட்டையும் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் வசதி சென்னைத் தடய அறிவியல் துறையில் உண்டு, அங்கே அனுப்பினோம். ‘அவராக இருக்கலாம்’ என்பதுதான் அதுவரை நான் எழுதக்கூடியது. ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து டிஎன்ஏவுக்குக் கொடுத்தோம், இறந்தவரின் தாயிடமிருந்து இரத்தம் எடுத்தார்கள். பல்லின் உள்ளே டிஎன்ஏ நெடுநாள் கெடாமல் இருக்கும். பொருந்தியது.

அந்த மனைவிக்குக் கிடைத்தது ஓர் இறப்புச் சான்றிதழ். அது கிடைக்கவில்லையென்றால், தொடர்ந்து 7 ஆண்டுகள் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்று நீதிமன்றத்தில் நிறுவிய பிறகுதான் அவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை காப்பீடு இல்லை, விதவை உதவித்தொகை இல்லை, வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றமும் இல்லை. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஊர் கேட்கும் கேள்விக்கும் அவளிடம் பதில் இருக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இந்தத் துறையில் இருக்கும் எவரும் தாய்லாந்தைப் பற்றிப் படிக்காமல் இருக்கமுடியாது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். பாதிக்கு நெருக்கமானவர்கள் வெளிநாட்டுப் பயணிகள். பல நாட்டுக் குழுக்கள் போய் வேலை செய்தன. முதல் சில மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல்லால் காணப்பட்டவர்கள். சுவீடனிலும் ஜெர்மனியிலும் குழந்தைப் பருவம் முதல் எடுத்த எக்ஸ்ரேக்கள் அவரவர் ஊர் மருத்துவரிடம் இருந்தன, விமானத்தில் வந்து சேர்ந்தன. தாய்லாந்து மக்களுக்கு அப்படிக் குறிப்பு இல்லை. அவர்களுக்குத் தேசிய அடையாள அட்டைக்காகக் கொடுத்த கைரேகையும் டிஎன்ஏவும்தான் பின்னால் உதவின. ஒரே கரையில், ஒரே அலையில் போனவர்கள். வாய்களும் ஒரே மாதிரி வாய்கள்தாம்.

நம் கரையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டி நூற்றுக்கணக்கானோரை அவசரமாகப் புதைத்தார்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் யார் செய்திருப்பார்கள்? ஆனால் இயற்கைச் சீற்றத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. உதட்டை விலக்கி முன்பற்களை ஒரு படம், உடலில் கட்டிய ஒரு எண், அந்த எண் எந்தக் குழியில் எத்தனையாவது என்ற ஒரு வரி. இவ்வளவு இருந்திருந்தால் பிற்பாடு தேடி வந்தவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அடுத்த முறைக்கு இது மாவட்ட நிர்வாகங்களின் பேரிடர்ப் பயிற்சியில் இருக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கடித்த தடத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா என்று காவல்துறையினர் கேட்பதுண்டு. நான் அந்த வேலையை ஏற்பதில்லை. தோல் இழுபடும், வீங்கும், நிறம் மாறும். அதில் பதிந்த தடம் ஒருவருடைய பல்தான் என்று உறுதியாகச் சொல்ல அறிவியல் அடிப்படை போதாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009-இலேயே எழுதிவிட்டது. அந்த நாட்டில் கடித்தடத்தை நம்பிச் சிறைக்கு அனுப்பப்பட்ட சிலர் பிறகு டிஎன்ஏ சோதனையால் வெளியே வந்தார்கள். எலும்பில் நிற்கும் பல்லை எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஒரே துறையின் பெயரில் இரண்டும் நடப்பதால் நல்லதற்கும் கெட்ட பெயர் வருகிறது.

எங்கள் கல்லூரியில் இப்போது செய்து கொடுக்கும் பல்செட் ஒவ்வொன்றிலும், வெளியே தெரியாத இடத்தில், நோயாளியின் எண்ணை அச்சடித்த சிறு பட்டை ஒன்றை அக்ரிலிக்குக்குள் பதிக்கிறோம். வேறு சில நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. முதியோர் இல்லங்களில் பல்செட் மாறிப்போகாமல் இருக்கவும் உதவும் என்று சொல்லித்தான் நோயாளிகளிடம் கேட்கிறோம். ஒரு பாட்டி, “பாத்திரத்துல பேர் வெட்டுற மாதிரிதானே, வெட்டிக் குடும்மா” என்று உடனே சம்மதித்தார். நானே அவரிடம் சொல்ல நினைத்துத் தயங்கிய இன்னொரு காரணத்தையும் அவரே சொன்னார்: “வழியில எங்கயாச்சும் விழுந்து கெடந்தா வீட்டுக்குச் சொல்ல ஆள் வேணுமே.”

மாணவர்களுக்கு நான் சொல்வது சிறிய விஷயங்கள்தாம். எந்தப் பல் என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் ஒரு பிரதியை நோயாளியின் கைப்பேசிக்கும் அனுப்புங்கள். கிளினிக்கை மூடும்போது அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

காவல் நிலையங்களுக்கு ஒரு பக்கத்தில் தாள் ஒன்று தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவரைக் காணோம் என்று குடும்பத்தார் புகார் கொடுக்க வரும்போது கேட்கவேண்டியவை அதில் இருக்கின்றன: எந்த ஊரில் எந்தப் பல் மருத்துவரிடம் போனார், பல் பிடுங்கியதுண்டா, கட்டியதுண்டா, கம்பி போட்டதுண்டா, அதற்கு எடுத்த பல் அச்சு வீட்டில் இருக்கிறதா, பழைய பல்செட் இருக்கிறதா, தலை அல்லது முகத்துக்கு எடுத்த எக்ஸ்ரே எது, பல் தெரியச் சிரிக்கும் படம் எது. புகைப்படம் கேட்டால் பாஸ்போர்ட் அளவுப் படத்தைத்தான் எல்லோரும் கொண்டு வருகிறார்கள். அதில் வாய் மூடியிருக்கும். கைப்பேசியிலிருக்கும் செல்ஃபியையும் கேளுங்கள் என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். சில ஆய்வாளர்கள் இதைப் புகார் வரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் கடிதத்தோடு மஞ்சள் படிவத்தின் பாதி நிரம்பியே வந்துவிடுகிறது.